பியூகிள் வாசகர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை

தறிநெய்தவன்:

மார்வெல் காமிக்ஸ் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் "அந்த ஊர் ஜனங்களுக்கு நன்றியே கிடையாது, நேற்று உயிரைக் காப்பாற்றியவனை இன்றைக்குக் கல்லால் அடிக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். இங்கேயே பல தடவை படித்துவிட்டேன். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. நாம் படிக்கிற பக்கங்கள் அந்த ஜனங்களுக்குக் கிடைப்பதில்லையே. ஸ்பைடர்மேனாக இருக்கிற பீட்டர் பார்க்கரின் தலைக்கு மேலே இருக்கிற எண்ணக் குமிழியைப் படித்துத்தான் அவன் நல்லவன் என்று நமக்கே தெரிகிறது. நியூயார்க்கின் குவீன்ஸில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற ஆளுக்கு என்ன தெரியும்? முகம் முழுக்க மூடிய ஒருவன், ஊர் பேர் தெரியாது, சுவரில் ஏறுகிறான், போலீஸ் வந்தால் நழுவிவிடுகிறான். அதற்கு மேல் தெரிய வேண்டுமென்றால் காலையில் காசு கொடுத்து டெய்லி பியூகிள் பேப்பர் வாங்க வேண்டும். அதில் முதலாளி ஜேம்சன் எழுதியிருப்பதுதான் அவருக்குக் கிடைக்கிற உண்மை.

1963 மார்ச் தேதியிட்ட அமேசிங் ஸ்பைடர்மேன் முதல் இதழை எடுத்துப் பாருங்கள். ஜேம்சனின் மகன் ஜான் விண்கலத்தில் போகிறான், வழிகாட்டும் கருவி கழன்று விழுந்து கலம் தறிகெட்டுப் போகிறது, ஸ்பைடர்மேன் மாற்றுக் கருவியைக் கொண்டுபோய்ப் பொருத்திக் காப்பாற்றுகிறான். மறுநாள் பியூகிளில் வந்தது என்ன? பெயர் வாங்குவதற்காக அவனே செய்த நாசவேலை என்று. எந்த ஆதாரமும் இல்லாமல் ஒரு பத்திரிகை முதலாளி எழுதிய குற்றச்சாட்டு அது, அதை நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அதைப் படித்தவர் மேல் எப்படிக் கோபப்படுவது? பெற்ற அப்பாவே எழுதுகிறார், தன் மகனின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் பொய் சொல்வாரா என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

இன்னொன்று, இதை யாரும் பேசுவதே இல்லை. ஒன்பதாவது இதழ், 1964. ஸ்பைடர்மேனும் எலெக்ட்ரோ என்ற வில்லனும் ஒரே ஆள்தான் என்கிறார் ஜேம்சன். அதற்குப் புகைப்பட ஆதாரம் கொண்டுவந்து கொடுத்தது யார்? பீட்டரே. அத்தையின் அறுவை சிகிச்சைக்குப் பணம் வேண்டும், அதற்காகப் பொய்ப்படம் செய்து விற்கிறான். அவன் நிலைமை நமக்குப் புரிகிறது, மனசு கஷ்டப்படுகிறது, சரி. ஆனால் ஊர் தன்னை நம்பவில்லை என்று அவன் வருந்துகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வருகிறது. அந்த ஊருக்குப் பொய் விற்றதில் அவனுக்கும் பங்கு உண்டு.

ஈரோட்டு எக்ஸ்மேன்:

ஸ்பைடர்மேன் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன் நண்பா. ஆனால் எக்ஸ்மென் மாதிரி பிறப்பிலேயே சக்தியோடு வருகிற மியூட்டன்டுகளை வைத்துப் பேசினால் உங்கள் வாதம் நிற்காது. ஃபென்டாஸ்டிக் ஃபோருக்குக் கைதட்டுகிற அதே நியூயார்க், அவெஞ்சர்ஸ் போனால் குழந்தையைத் தோளில் தூக்கிக் காட்டுகிற அதே ஜனம், எக்ஸ்மென் வந்தால் கல் எடுக்கிறது. ஃபென்டாஸ்டிக் ஃபோரின் ஜானி ஸ்டார்ம் உடம்பெல்லாம் நெருப்பு பற்றப் பறக்கிறான், அவனிடம் ஆட்டோகிராஃப். எக்ஸ்மெனின் ஐஸ்மேன், பாபி டிரேக், பனிக்கட்டியாக மாறினால் அவன் பிசாசு. ரெண்டு பேரும் நல்லதுதான் செய்கிறார்கள், ரெண்டு பேரும் கண்ணெதிரே செய்கிறார்கள். இதில் அந்த ஆளுக்குத் தகவல் கிடைக்கவில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? ஒருவனுக்குக் காஸ்மிக் கதிரால் சக்தி வந்தது, இன்னொருவனுக்குப் பிறப்பிலேயே வந்தது, இந்த வித்தியாசம் தெருவில் நிற்கிறவனுக்கு எப்படித் தெரிகிறது, தெரிந்தாலும் அதனால் என்ன?

என்னைக் கேட்டால், ஒரே உலகத்தில் எல்லாரையும் போட்டது மார்வெல் செய்த பெரிய தவறு. எக்ஸ்மென் தனி உலகத்தில் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

தறிநெய்தவன்:

ஒரே உலகத்தில் போட்டதால்தான் அந்த வெறுப்புக்கு அர்த்தமே வருகிறது என்பேன். கர்ட் பியூசிக்கும் அலெக்ஸ் ராஸும் 1994-இல் செய்த மார்வெல்ஸ் நான்கு இதழ்களும் இதைப் பற்றித்தான். கதை முழுக்க ஃபில் ஷெல்டன் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் பார்வையில் போகிறது. 1939-இல் முதல் ஹ்யூமன் டார்ச்சைப் பார்த்து மிரள்வதில் ஆரம்பித்து, கடலரசன் நேமோர் போட்ட சண்டையில் ஒரு கண்ணை இழந்து, அதற்குப் பிறகும் கேமராவோடு திரிகிற மனுஷன்.

ரெண்டாவது இதழில் நீங்கள் கேட்ட அதே கேள்விதான் கதை. ஃபென்டாஸ்டிக் ஃபோரின் ரீட் ரிச்சர்ட்ஸ், சூ ஸ்டார்ம் கல்யாணம், ஊரே திருவிழா, பத்திரிகைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அதே சமயம் இன்னொரு தெருவில் ஒரு கும்பல் எக்ஸ்மெனைச் சுற்றிக்கொண்டு கத்துகிறது. ஷெல்டனும் அந்தக் கும்பலில் இருக்கிறார். ஒரு கல் அவர் கையிலிருந்தும் போகிறது, ஐஸ்மேன் மேல் படுகிறது. திருப்பி அடிக்கப்போன பையனை எக்ஸ்மென் தலைவன் சைக்ளாப்ஸ் தடுத்து, இவர்களுக்காக நாம் இறங்கிப்போக வேண்டாம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிக் கூட்டிப்போகிறான். அந்த வார்த்தைதான் ஷெல்டனைத் தூங்கவிடாமல் செய்கிறது. அப்புறம் வீட்டுக்கு வந்தால் அவருடைய ரெண்டு மகள்களும் ஒரு மியூட்டன்ட் சிறுமியை நிலவறையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். மேகி. பெரிய கண்கள், மண்டை ஓடு மாதிரி முகம், பயந்து நடுங்குகிற குழந்தை. அவர் அவளை விரட்டவில்லை. ஆனால் விரட்டப்படுவோம் என்று அவளுக்கே தெரிந்து, அந்தக் குடும்பத்துக்கு ஆபத்து வரக்கூடாதென்று கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

இதில் உங்களுக்குப் பதில் இருக்கிறது நண்பா. ஃபென்டாஸ்டிக் ஃபோருக்குப் பெயர் இருக்கிறது, பேக்ஸ்டர் கட்டடம் என்று முகவரி இருக்கிறது, ராக்கெட்டில் போனார்கள், விபத்து நடந்தது என்று சொல்வதற்கு ஒரு கதை இருக்கிறது. அந்த விபத்து உங்கள் வீட்டில் நடக்காது. மியூட்டன்ட் அப்படி இல்லை, அது உங்கள் வீட்டுத் தொட்டிலில் நடக்கலாம், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் உங்கள் பிள்ளைக்கே நடக்கலாம். தன் பிள்ளைகளுக்குப் பதிலாக வேறொரு இனம் வந்துவிடும் என்று நம்பவைக்கப்பட்டவர்கள் அவர்கள். 1965-இல் வந்த எக்ஸ்மென் 14-ஆவது இதழிலேயே பொலிவர் ட்ராஸ்க் என்ற ஆய்வாளர் பத்திரிகையைக் கூப்பிட்டு மியூட்டன்ட் அபாயம் என்று பேட்டி கொடுக்கிறார், பேப்பர்கள் எதிர்காலத்தில் மனிதர்கள் அடிமையாக இருப்பது மாதிரி படம் போட்டு அச்சடிக்கின்றன. ஃபென்டாஸ்டிக் ஃபோர் பற்றி அப்படி யாரும் படம் போடவில்லை. பயத்தை உண்டாக்க ஆள் இருந்தார், அச்சடிக்கப் பேப்பர் இருந்தது.

மெட்ரோபோலிஸ் மீனா:

நீங்கள் ரெண்டு பேரும் மார்வெலிலேயே சுற்றுகிறீர்கள், சூப்பர்மேன், ஃப்ளாஷ் இருக்கிற டிசி காமிக்ஸ் பக்கமும் கொஞ்சம் வாருங்கள். அங்கே சென்ட்ரல் சிட்டியில் ஃப்ளாஷுக்கு அருங்காட்சியகமே இருக்கிறது. சூப்பர்மேனின் ஊரான மெட்ரோபோலிஸ்காரர்கள் வானத்தைப் பார்த்துக் கை காட்டுகிறார்கள். வெறுப்பு வர வேண்டுமென்றால் அங்கே வெளியிலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும். 1986-இல் வந்த லெஜெண்ட்ஸ் தொடரில் டார்க்சைட் என்ற வேற்றுக்கிரக வில்லன் தன் ஆளான குளோரியஸ் காட்ஃப்ரேயை பூமிக்கு அனுப்புகிறான். அவன் ஜி. கார்டன் காட்ஃப்ரே என்ற பெயரில் டிவியில் வந்து பேசிப் பேசியே நாட்டைத் திருப்பிவிடுகிறான், ஜனாதிபதி ரீகன் ஹீரோக்கள் வெளியே வரக்கூடாதென்று தடை போடுகிறார். கடைசியில் அந்தப் பேச்சில் மயங்காமல் நிற்பது குழந்தைகள்தான். கதை அழகுதான், ஆனால் எனக்கு அதில் ஒரு குறை உண்டு. ஜனங்கள் வெறுத்ததற்கு வேற்றுக்கிரகத்து மாயக்குரல்தான் காரணம் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் பொறுப்பே இல்லாமல் போய்விடுகிறது. மார்வெலில் மியூட்டன்டுகளை வெறுக்கிற பாதிரி ஸ்ட்ரைக்கர் ஒரு சாதாரண மனுஷன், அவனுக்கு மாயக்குரல் தேவைப்படவில்லை.

டிசியில் எனக்குப் பிடித்த வெறுப்புக் கதை வேறு. 1979-இல் வந்த அட்வென்ச்சர் காமிக்ஸ் 466. ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற பழைய ஹீரோ குழுக்காரர்கள் 1951-இல் ஏன் ஓய்வு பெற்றார்கள் என்று சொல்கிற கதை. நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு, முகமூடியைக் கழற்றி யார் என்று காட்டுங்கள், அப்போதுதான் விசுவாசத்தை நம்புவோம் என்கிறது. அவர்கள் கத்தவில்லை, சண்டை போடவில்லை, மறுத்துவிட்டுக் கிளம்பிப்போய்விடுகிறார்கள். உலகப்போரில் நாட்டுக்காக நின்றவர்களை ஒரு அறையில் நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டே அனுப்பிவிட்டார்கள். அமெரிக்காவில் அந்த வருடங்களில் நிஜமாகவே எழுத்தாளர்களையும் நடிகர்களையும் அப்படித்தான் கூப்பிட்டுக் கேட்டார்கள். கல் வீசுவதைவிட எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது.

ஊடகம் பற்றிப் பேசுவதால் இன்னொன்றும் சொல்கிறேன். 1986-இல் ஜான் பைர்ன் எழுதிய மேன் ஆஃப் ஸ்டீல் ரெண்டாவது இதழில் நிருபர் லோயிஸ் லேன் பாடுபட்டு சூப்பர்மேனைத் துரத்திப் பிடித்து, பேட்டி எடுத்து, எழுதிக்கொண்டு ஆபீசுக்கு ஓடி வருகிறாள். அவளுக்கு முன்னாலேயே க்ளார்க் கென்ட் என்ற புது ஆள் அதே செய்தியைக் கொடுத்து வேலையும் வாங்கிவிட்டான். அவனேதான் சூப்பர்மேன், தன்னையே பேட்டி எடுத்துக்கொண்டவன்! எல்லாரும் அதைச் சுவாரசியமான காட்சி என்கிறார்கள். எனக்கு லோயிஸுக்காக இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

டெஸ்க்_தாத்தா:

பிள்ளைகளே, நான் ஒரு மாவட்ட நாளிதழின் செய்தி டெஸ்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேரன் வாங்கிவைத்த தொகுப்புகளைப் படித்துத்தான் இதில் இறங்கினேன். மீனா சொன்ன விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த உலகங்களில் பத்திரிகை தவறு செய்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள், எப்படித் தவறு நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

பீட்டர் பார்க்கர் பியூகிளுக்குப் படம் கொண்டுவருகிறான். ஸ்பைடர்மேன் அந்தரத்தில் தொங்கும்போது எதிரே, அதே உயரத்திலிருந்து எடுத்த மாதிரி படம். டெஸ்க்கில் ஒருவர்கூட "தம்பி, நீ எங்கே நின்று இதை எடுத்தாய்" என்று கேட்பதில்லை. ஜேம்சனுக்குக் கேட்க விருப்பமில்லை, ஏனென்றால் பதில் தெரிந்தால் படம் போட முடியாமல் போகலாம். இது நிஜத்திலும் நடக்கும். நான் இருந்த இடத்திலேயே ஒரு பஸ் விபத்துப் படத்துக்கு, விசாரிக்காமல், டிரைவர் குடித்திருந்தார் என்று முதல் பக்கத்தில் போட்டோம். அந்தக் காலத்தில் டீக்கடை வாசலில் தொங்குகிற போஸ்டரிலும் அதேதான். அவர் குடிக்கவில்லை என்று தெரிந்தபோது மறுப்பு ஏழாம் பக்கத்தில் ஒற்றைப் பத்தியில் வந்தது. அந்தப் பத்தியை வெட்டி ஒட்டியது நான்தான், மேலே போடச் சொல்லிக் கேட்டும் பார்த்தேன், நடக்கவில்லை. போஸ்டரைப் பார்த்தவர்கள் ஏழாம் பக்கத்தைப் பார்க்கவில்லை. ஸ்பைடர்மேனுக்கு ஆதரவான செய்திகளும் பியூகிளில் வந்திருக்கும், எந்தப் பக்கத்தில் வந்திருக்கும் என்பதுதான் கேள்வி.

ஜேம்சன் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் வெறும் கத்துகிற ஆள் இல்லை. பத்தாவது இதழில் தனியாக இருக்கும்போது, அவன் மேல் தனக்குப் பொறாமை, அவனைப் போலத் தன்னலமில்லாமல் தன்னால் இருக்க முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். இன்னொருபக்கம், 2002-இல் வந்த ஸ்பைடர்மேன் படத்தில் வில்லன் கிரீன் கோப்ளின் அவர் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, படம் எடுப்பவன் யார் என்று கேட்கிறபோது, பீட்டர் பக்கத்திலேயே நிற்க, தெரியாது, தபாலில் வருகிறது என்கிறார். அந்த நொடியில் அவர் நல்ல பத்திரிகை ஆசிரியர். செய்தி கொண்டுவருகிறவனைக் காட்டிக்கொடுக்காதவர்.

ஆனால் மன்னிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. 1965-இல் ஸ்பைடர்மேனைப் பிடிப்பதற்காகத் தன் காசைக் கொடுத்து கார்கன் என்பவனை ஸ்கார்பியன் என்ற வில்லனாக மாற்றியதும் இதே ஜேம்சன்தான். கார்கனுக்கு மூளை கெட்டுப்போய் ஊரையே அடித்து நொறுக்குகிறான். பத்திரிகை முதலாளி ஒரு குற்றவாளியை உருவாக்குகிறார், பிறகு அந்தக் குற்றவாளியைப் பற்றித் தன் பத்திரிகையிலேயே செய்தி போட்டு விற்கிறார், தன் பங்கை மட்டும் சொல்வதில்லை. அது வாசகர்களுக்குத் தெரிய வந்தது 1984-இல். ஹாப்கோப்ளின் என்ற வில்லன் மிரட்டல் கடிதம் அனுப்பியதும், அவர் பணிந்துபோகாமல் தன் தலையங்கத்திலேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு ஆசிரியர் பொறுப்பை ராபி ராபர்ட்சனிடம் கொடுக்கிறார். இத்தனை வருடம் கழித்து என்றாலும் முதல் ஆளாக அவரே அச்சடித்தார் பாருங்கள், அதற்கு ஒரு தைரியம் வேண்டும். அந்த இடத்தைப் படித்தபோது என் பழைய ஆபீசில் இப்படி ஒரு நாள் வரவில்லையே என்றுதான் தோன்றியது.

ஈரோட்டு எக்ஸ்மேன்:

ஐயா, அருமை. ராபியைப் பற்றிக் கொஞ்சம் எழுதுங்களேன். ஒரு கறுப்பினத்தவரை 1967-லேயே பத்திரிகையின் பொறுப்பான பதவியில் உட்காரவைத்திருக்கிறார்கள், ஸ்பைடர்மேன் விஷயத்தில் ஜேம்சனை எதிர்த்துப் பேசுகிற குரலும் அவருடையதுதான், அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

டெஸ்க்_தாத்தா:

தம்பி, ராபி மாதிரி ஆட்கள்தான் டெஸ்க்கை நடத்துவார்கள். முதலாளி கொடுக்கிற தலைப்பை மாற்ற முடியாது, ஆனால் கீழே வருகிற செய்தியில் "என்று கூறப்படுகிறது" என்று ஒரு சொல்லைச் சேர்த்து உண்மையைக் காப்பாற்றுவார்கள். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

இதோடு சம்பந்தப்பட்டது, ஆஸ்ட்ரோ சிட்டி காமிக்ஸின் ரெண்டாவது இதழைப் படியுங்கள், 1995. ஒரு பெரிய பத்திரிகை ஆசிரியர், தான் இளம் நிருபராக இருந்தபோது, 1959-இல், சுரங்க ரயிலில் பார்த்ததைச் சொல்கிறார். உலகத்தையே புரட்டிப்போடுகிற சண்டை, ஹீரோக்கள், சுறா மனிதர்கள், என்னென்னவோ. ஓடி வந்து எழுதிக் கொடுக்கிறார். அவருடைய ஆசிரியர் ஒவ்வொரு வரியாக, இதை யார் உறுதி செய்தார்கள், இதற்குச் சாட்சி யார் என்று கேட்டு அடித்துக்கொண்டே போகிறார். கடைசியில் அச்சானது என்ன தெரியுமா? தண்டவாளத்தில் ஒரு சுறா கிடந்ததால் ரயில் தாமதம் என்று மட்டும். சின்னப் பையன்கள் இதைச் சோகக்கதை என்பார்கள். என்னைப் பொறுத்தவரை அந்தப் பழைய ஆசிரியர்தான் கதையின் நாயகன். ஜேம்சனுக்கு அப்படி ஒரு ஆசிரியர் மேலே இருந்திருந்தால் 1963-இல் அந்த நாசவேலைச் செய்தி வந்தே இருக்காது.

நள்ளிரவு வாசகன்:

எல்லாரும் பத்திரிகை பொய் போட்டதைப் பற்றியே பேசுகிறீர்கள். உண்மையைப் போட்டால் என்ன ஆகிறது? 2002-இல் டேர்டெவில் கதையில் டெய்லி குளோப் என்ற பத்திரிகை, மாட் மர்டாக்தான் டேர்டெவில் என்று தலைப்புப் போடுகிறது. அது நூற்றுக்கு நூறு உண்மை. மர்டாக் கேமராக்களுக்கு முன்னால் நின்று, நான் கண் தெரியாத வக்கீல், நான் இல்லை என்று மறுத்துவிட்டு, பத்திரிகை மேல் வழக்கும் போடுகிறார். அதைப் படிக்கிற நாம் எல்லாரும் யார் பக்கம் நின்றோம்? மர்டாக் பக்கம். நான் மர்டாக்கை உயிராக நேசிக்கிறவன். ஆனாலும் அங்கே பொய் சொன்னது வக்கீல், உண்மை சொன்னது பத்திரிகை.

அதே மாதிரி 2006-இல் வந்த சிவில் வார். ஸ்டாம்ஃபோர்டில் ஒரு சூப்பர் ஹீரோ குழு டிவி நிகழ்ச்சிக்காக வில்லன்களைப் பிடிக்கப்போகிறது, நைட்ரோ என்ற வில்லன் வெடிக்கிறான், பள்ளிக்கூடத்துப் பக்கத்தில். அறுநூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள், அதில் குழந்தைகள். இரங்கல் கூட்டத்தில் மகனைப் பறிகொடுத்த மிரியம் ஷார்ப், அயர்ன்மேனான டோனி ஸ்டார்க் முகத்தில் துப்புகிறார். அந்த அம்மாவை நன்றி கெட்டவள் என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? ஹீரோக்கள் அரசாங்கத்திடம் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிற பதிவுச் சட்டம் வேண்டும் என்று கேட்டவர்களில் பாதிப் பேர் அப்படிப்பட்டவர்கள். போலீஸ்காரனுக்கே அடையாள அட்டை உண்டு, உரிமம் உண்டு, தவறு செய்தால் யாரிடம் புகார் கொடுப்பது என்று உண்டு. வானத்தில் பறக்கிறவனுக்கு மட்டும் ஏன் எதுவும் கிடையாது?

ஏழாவது இதழில், அந்தச் சட்டத்தை எதிர்க்கிற கேப்டன் அமெரிக்கா ஜெயிக்கப்போகிற நேரத்தில் அவர் மேல் பாய்ந்து பிடிப்பது யார் பாருங்கள். தீயணைப்பு வீரர், போலீஸ்காரர், ஆம்புலன்ஸ் ஊழியர். சக்தி எதுவும் இல்லாதவர்கள். அவர்களைப் பார்த்ததும்தான் அவர் சுற்றிலும் இடிந்து கிடக்கிற ஊரைப் பார்க்கிறார், முகமூடியைக் கழற்றிச் சரணடைகிறார். பல ரசிகர்களுக்கு அந்த முடிவு பிடிக்காது. எனக்கு அந்தத் தொடரிலேயே பிடித்த பக்கம் அதுதான்.

மெட்ரோபோலிஸ் மீனா:

அந்தப் பக்கம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்கு அடுத்து சிவில் வாரோடு சேர்ந்து வந்த ஃப்ரன்ட் லைன் தொடரில் சாலி ஃப்ளாய்ட் என்ற நிருபர் சிறையில் கேப்டனைப் பேட்டி எடுக்கிற இடம் இருக்கிறதே, அதை உங்களால் காப்பாற்ற முடியாது. மைஸ்பேஸ் என்ற அந்தக் காலத்து சமூக வலைத்தளம் தெரியுமா, கடைசியாக எப்போது கார் பந்தயம் பார்க்கப்போனீர்கள் என்று கேட்டு, இதெல்லாம் தெரியாத நீங்கள் எப்படி அமெரிக்காவுக்காகப் பேசுகிறீர்கள் என்று திட்டுகிறாள். மக்களின் குரல் என்று எழுத்தாளர் நினைத்து எழுதியது அது. மக்களுக்கு அவர் மேல் நியாயமான கோபம் நிறைய இருந்தது, இடிந்த வீடுகள் இருந்தன, செத்தவர்கள் இருந்தார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு மைஸ்பேஸ் கேட்கிற நிருபரை வைத்து ஊடகத்தையே சின்னதாக்கிவிட்டார்கள்.

ஈரோட்டு எக்ஸ்மேன்:

அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இப்போது படங்களில் இது வேறு மாதிரி போய்விட்டது. 2012 அவெஞ்சர்ஸ் முடிவில் செய்தித் தொகுப்பு மாதிரி ஒரு நிமிடம் வரும், ஞாபகம் இருக்கிறதா? ஒருவர் நன்றி சொல்வார், குழந்தைகள் முகத்தில் சாயம் பூசிக்கொள்வார்கள், ஒரு செனட்டர் இந்த நாசத்துக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்பார். அந்த ஒரு நிமிடத்தில் இந்த விவாதம் முழுக்க அடங்கிவிடுகிறது. 2019 ஃபார் ஃப்ரம் ஹோமில் பியூகிள் பேப்பரே இல்லை, இணையச் செய்தித் தளம். வில்லன் மிஸ்டீரியோ வெட்டி ஒட்டிய வீடியோவை அதில் போட்டு, பீட்டரின் பெயரையும் முகத்தையும் ஜேம்சன் ஊருக்கே காட்டிவிடுகிறார். அதைத் தெருவில் நின்று பார்க்கிறவனுக்கு வீடியோ போலி என்று தெரிய வழியே இல்லை. தறி சொன்னது இங்கே நூறு சதவீதம் பொருந்துகிறது.

ஆனால் மியூட்டன்ட் விஷயத்தில் இன்னும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. தகவல் கிடைக்காததால் வெறுக்கிறார்கள் என்றால், தகவல் கிடைத்த பிறகு மாறியிருக்க வேண்டும் அல்லவா? 1988-இல் டல்லஸில் எக்ஸ்மென் எல்லாரும் உலகத்துக்காக உயிரைக் கொடுத்தது நேரடி ஒளிபரப்பில் போனது. நிஜத்தில் என்பிஆர் வானொலியில் இருந்த நீல் கோனனையே கதைக்குள் கொண்டுவந்து பேசவைத்தார்கள். உலகமே பார்த்தது. அப்புறமும் மியூட்டன்டுகளை வேட்டையாடுகிற சென்டினல் ரோபோக்கள் வந்துகொண்டேதான் இருந்தன.

தறிநெய்தவன்:

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். அதற்கு ரெண்டு பதில் இருக்கிறது. கதைக்குள்ளே பார்த்தால், அந்த ஒளிபரப்புக்குப் பிறகு எக்ஸ்மென் உயிரோடு திரும்பிவந்தும் ஆஸ்திரேலியாவில் மறைந்து வாழ்கிறார்கள், ரோமா என்ற மாயசக்திக்காரி கொடுத்த வரத்தால் எந்தக் கேமராவிலும் விழமாட்டார்கள். செத்தவர்கள் மேல் பரிதாபம் எவ்வளவு நாள் இருக்கும்? அந்த இரக்கத்தை அடுத்த செய்தியாக வளர்க்க அவர்கள் திரையில் இல்லை. எதிர்ப்பக்கம் தினமும் திரையில் இருந்தது. 1982-இல் வந்த காட் லவ்ஸ், மேன் கில்ஸ் கதையிலும் அதுதான். டிவி விவாதத்தில் எக்ஸ்மெனை உருவாக்கிய பேராசிரியர் சேவியர் சரியான வாதம்தான் வைக்கிறார், ஆனால் பாதிரி ஸ்ட்ரைக்கர் கேமராவுக்குப் பழகியவன், இனிமையாகப் பேசுகிறான், பார்க்கிறவர்களுக்கு அவனே நல்லவனாகத் தெரிகிறான். அவன் முகம் கிழிவது மேடிசன் ஸ்கொயர் கார்டனில், ஒரு சின்னப் பெண் மேல் துப்பாக்கியை நீட்டும்போது. அவனைச் சுட்டு நிறுத்துவது அங்கே காவலுக்கு நின்ற ஒரு சாதாரண போலீஸ்காரர். கண்ணெதிரே தெரிந்ததும் ஒரு மனுஷன் சரியானதைச் செய்தான், அதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

வெளியே பார்த்தால், பதில் கசப்பானது. எக்ஸ்மென் மேல் இருக்கிற வெறுப்பு மாத மாதம் விற்கிற புத்தகத்தின் மூலப்பொருள். ஒரு எழுத்தாளர் ஊரை மாற்றிக் காட்டினால் அடுத்து வருகிறவர் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்துவிடுவார். பல பேர் சேர்ந்து எழுதுகிற உலகத்தில் ஹீரோ வளரலாம், வில்லன் திருந்தலாம், ஊர் மட்டும் எதையும் கற்றுக்கொள்ளக்கூடாது. அந்த ஜனங்களை நான் ஆதரித்துப் பேசுவதற்கு இதுவும் காரணம். அவர்கள் மறந்துபோகிறவர்கள் இல்லை, அவர்கள் நினைவைத்தான் பிடுங்கி விடுகிறார்கள்.

நள்ளிரவு வாசகன்:

மாறிய இடமும் உண்டு. 2017-இல் சிப் ஸ்டார்ஸ்கி எழுதிய ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்மேன் ஆறாவது இதழ். கிட்டத்தட்ட முழு இதழும் ஒரு வீட்டில் ரெண்டு பேர் உட்கார்ந்து பேசுவதுதான், ஜேம்சனும் ஸ்பைடர்மேனும். ஜேம்சன் தன் மனைவி மார்லாவை இழந்தவர், பத்திரிகையும் போய்விட்டது, மனசு உடைந்து பேசுகிறார். அந்த நிலையில் அவரைப் பார்க்கச் சகிக்காமல் பீட்டர் முகமூடியைக் கழற்றிவிடுகிறான். அதன் பிறகு அவர் அவனுக்கு ஆதரவாளர்.

கடைசியாக ஒரு கேள்வி, ஐயா பதில் சொல்ல வேண்டும். ஃப்ரன்ட் லைன் முடிவில் நிருபர்கள் பென் யூரிக்கும் சாலி ஃப்ளாய்டும் ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அட்லாண்டிஸ் என்ற கடலடி நாட்டோடு போர் மூளும் அளவுக்குப் போன தாக்குதலுக்குப் பின்னால் டோனி ஸ்டார்க்கின் கை இருக்கிறது. ஆதாரம் இருக்கிறது. நேரே அவரிடமே போய்ச் சொல்கிறார்கள், சொல்லிவிட்டு, நாட்டின் நன்மைக்காக இதை வெளியிடமாட்டோம் என்கிறார்கள். இதே யூரிக் 1980-இல் டேர்டெவில் யார் என்று கண்டுபிடித்தபோதும் அந்தச் செய்தியை வெளியிடவில்லை. ரெண்டும் ஒன்றா?

டெஸ்க்_தாத்தா:

ஒன்றே இல்லை. டேர்டெவில் யார் என்பதை அச்சடித்தால் ஒரு தனி மனுஷன் உயிருக்கு ஆபத்து, ஊருக்கு அதனால் தெரியவேண்டியது எதுவும் இல்லை. 1980-இல் யூரிக் செய்தது சரி. ஸ்டார்க் விஷயம் அப்படி இல்லை. அவர் அப்போது அரசாங்கத்தின் ஆள், அவர் சொன்னதை நம்பித்தான் மிரியம் ஷார்ப் மாதிரி அம்மாக்கள் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நின்றார்கள். அவர்களை ஏமாற்றியிருக்கிறார். அந்தச் செய்தி அவர்களுக்குச் சொந்தமானது, அதைப் பூட்டிவைக்க ரெண்டு நிருபர்களுக்கு உரிமை இல்லை. தறி இவ்வளவு நேரம் சொல்கிறாரே, ஜனங்களுக்குத் தகவல் கிடைக்கவில்லை என்று, இதோ கிடைக்காமல் செய்தவர்கள் ஜேம்சன் இல்லை, நாம் நல்லவர்கள் என்று நினைக்கிற ரெண்டு பேர்.

நானாக இருந்தால் ரெண்டு தனித்தனி சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, ஸ்டார்க்கின் பதிலையும் கேட்டுச் சேர்த்து, முதல் பக்கத்தில் போட்டிருப்பேன்.

மெட்ரோபோலிஸ் மீனா:

லோயிஸும் அதைத்தான் செய்திருப்பாள் ஐயா. க்ளார்க் முந்திக்கொள்ளாமல் இருந்தால்.

தறிநெய்தவன்:

ஃப்ரன்ட் லைன் பதினொரு இதழையும் மறுபடி படிக்கப்போகிறேன். ஐயா கேட்ட கண்ணோடு ஸ்டாம்ஃபோர்ட் குடும்பங்கள் வருகிற பக்கங்களை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டு வருகிறேன், அவர்களுக்கு எந்தெந்தக் கட்டத்தில் என்ன தெரிந்திருந்தது என்று இங்கேயே எழுதுகிறேன். ஈரோடு, நீங்கள் டல்லஸுக்குப் பிறகு வந்த எக்ஸ்மென் இதழ்களில் டிவியும் பேப்பரும் வருகிற இடங்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.